கட்டியின் அளவும் உயிரும்

தாமல் என்றதும் காஞ்சிபுரம் வட்டாரத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருவது அவ்வூரின் பெரிய ஏரியாகும். நல்ல மழைக்காலத்தில் அதன் கரைமீது நின்றால், கண்ணுக்கெட்டிய தூரம் நீராகவே தோன்றும். ஆனால் அந்த ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கேட்டால், பரப்பை மட்டும் பார்த்து யாரும் விடை கூறிவிட முடியாது. ஆழம் எவ்வளவு, அடியில் வண்டல் எவ்வளவு, கரையில் கசிவு எங்கே என்பவற்றை அறிந்தவரே அதன் உண்மை நிலையைச் சொல்ல வல்லவர். மேலே தெரிவது ஒன்று. உள்ளே இருப்பது வேறொன்று.

மனித உடலில் தோன்றும் கட்டியும் இத்தகையதே. கையால் தொட்டால் உருண்டையாக ஒன்று தட்டுப்படும். அது இன்னதென்று தொடுவதால் மட்டும் அறிந்துவிட முடியாது. சிகிச்சை செய்த பின்னர் அது சிறுத்ததா, பெருத்ததா என்று அளந்து பார்ப்பதாலும் முழு உண்மை விளங்கிவிடாது. உடலைக் கீறாமலே உள்ளே பார்க்கும் கருவிகள் இந்த இரண்டு இடங்களிலும் மருத்துவர்க்கு எவ்வாறு துணை செய்கின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நமது உடலில் தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக் குழாய், தசைநாண், இவற்றையெல்லாம் பிணைத்து நிற்கும் இணைப்புத் திசு ஆகியவற்றை மென்திசுக்கள் என்று பொதுவாகக் கூறுவர். இவற்றில் தோன்றும் கட்டிகளுள் மிகப் பெரும்பான்மையானவை தீங்கற்றவை. தோலுக்கடியில் புரளும் கொழுப்புக் கட்டியை நம் வீடுகளிலேயே யாரிடமேனும் பார்த்திருப்போம். தீங்கு செய்யும் கட்டி ஒன்று இருந்தால், தீங்கற்ற கட்டிகள் ஏறத்தாழ நூறு இருக்கும் என்பது மருத்துவர்களின் கணிப்பு. அந்தத் தீய வகைக்குச் சார்க்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் அது நூற்றுக்கு ஒன்றே ஆகும். ஆயினும் அதனுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் உள்ளன. ஒன்றுக்கு ஏற்ற சிகிச்சை மற்றொன்றுக்கு ஏற்றதன்று.

நூற்றில் ஒன்றுதானே என்று அலட்சியம் கொள்வதற்கில்லை. இந்த நோயின் கொடுமையே அது தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதுதான். ஓர் எடுத்துக்காட்டாக, தொடையில் ஒரு கட்டியோடு வயலுக்குப் போய் வரும் உழவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். “வலி இல்லையே, போகட்டும்” என்று நடவு முடியும் வரை பொறுக்கிறார்; பின் அறுவடை முடியும் வரை பொறுக்கிறார். எலுமிச்சம்பழம் போல் இருந்தது தேங்காய் போல் ஆகிறது. அப்போதும் அவர் நோயைக் கண்டு அஞ்சவில்லை. ஏர் பிடிக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்றுதான் அருகிலுள்ள ஊருக்குப் போகிறார். அங்கே, “கொழுப்புக் கட்டிதான், அரை மணியில் எடுத்துவிடலாம்” என்று யாரேனும் கூறிவிட்டால், இரண்டாவது தவறும் நேர்ந்துவிடுகிறது.

அது ஏன் தவறு? சார்க்கோமா ஒரு மெல்லிய உறைக்குள் இருப்பது போலத் தோன்றும். அந்த உறை உண்மையில் வேலியன்று. நோயின் ஓரமே அது. அதை உரித்தெடுத்தால் நோயின் உயிரணுக்கள் உள்ளேயே தங்கிவிடும். கசிந்த இரத்தம் அவற்றை ஒரு தசையிலிருந்து அடுத்த தசைக்குக் கொண்டுபோகும். முதலில் முறையாகச் செய்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அறுவை, இரண்டாம் முறையில் மிகப் பெரியதாகிவிடும். சில வேளைகளில் காலையே இழக்கவும் நேரிடும். ஆகவே மருத்துவ உலகம் ஒரு நெறியை வகுத்துள்ளது. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டிருந்தாலோ, தசைக்கு அடியில் ஆழமாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே வந்தாலோ, எடுத்த இடத்திலேயே மீண்டும் தோன்றினாலோ, கத்தி எடுக்குமுன் படம் எடுக்க வேண்டும். படத்திற்குப் பின் ஊசியால் சிறு துண்டு எடுத்துத் திசுச் சோதனை செய்ய வேண்டும். அதன் பிறகே அறுவையைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். இந்த வரிசை மாறலாகாது. ஊசி குத்திய பின் இரத்தம் கட்டிப் படம் கலங்கிவிடும் என்பது ஒரு காரணம். ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையே படம்தான் காட்ட வேண்டும் என்பது மற்றொரு காரணம். ஊசி சென்ற தடத்தையும் பின்னர் கட்டியோடு சேர்த்து நீக்க வேண்டியிருக்கலாம் அன்றோ?

இனி அந்தப் படங்களைப் பற்றிக் காண்போம். 1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1934ஆம் ஆண்டிலேயே பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. எக்ஸ் கதிர் எலும்பைத் தெளிவாகக் காட்டும். ஆனால் தசையும் கொழுப்பும் நரம்பும் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நிழலாகவே தெரியும். காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் கனத்த சரிகைக் கரை பளிச்சென்று நிழலிடுகிறது. உடலில் ஓடும் இழைகளில் எது பட்டு, எது பருத்தி என்பது அந்த நிழலில் விளங்குவதில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தின் குறை அத்தகையது.

காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு நேர்ந்தது உணவுக்குழாய்ப் புற்றுநோய். நான் கூறிவரும் மென்திசு வகை அன்று. 1968ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். அந்நாளில் உலகின் மிகச் செல்வம் மிக்க நகரத்து மருத்துவமனையிலும் இன்று நாம் பெயர் சொல்லும் சி.டி. ஸ்கேன் இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் நினைவாக அரசு நடத்தும் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் சில குடில்களில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் நம் நாட்டவர்க்கு இத்துறையில் வழிகாட்டியாக விளங்கி வருகிறது. தாமலின் உழவர்க்கு நல்ல சிகிச்சை கிட்டாத தொலைவில் இல்லை. அங்கே அவர் காலத்தோடு போய்ச் சேர்கிறாரா என்பதே கேள்வி.

அண்ணா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகுமுன், 1971ஆம் ஆண்டில், லண்டனில் முதல் நோயாளிக்குச் சி.டி. படம் எடுக்கப்பட்டது. அதை அமைத்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர். பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தி, கணிப்பொறியால் கூட்டிக் கணக்கிட்டு, உடலைக் குறுக்கே அரிந்த வில்லை போலக் காட்டுவது அவர் கண்ட வழி. 1979ஆம் ஆண்டு அவரும் கார்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சி.டி. படத்தில் ஒவ்வொரு திசுவின் அடர்த்தியையும் ஓர் எண்ணால் குறிக்கலாம். நீருக்கு 0, காற்றுக்கு கழித்தல் 1000, கொழுப்புக்கு ஏறத்தாழ கழித்தல் 100, தசைக்கு ஏறத்தாழ 50. அவ்வெண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே வழங்குகிறது. சார்க்கோமா பரவும்போது பெரும்பாலும் நுரையீரலையே நாடும். ஆகையால் மார்பின் சி.டி. படம் இந்நோயாளிக்கு இன்றியமையாதது.

ஆனால் கட்டியைப் பற்றி மிகுதியாகச் சொல்லுவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமே. நீங்கள் இப்போது என் குரலைக் கேட்பது வானொலி அலைகளின் உதவியால் அல்லவா? எம்.ஆர்.ஐ. கருவியும் ஒரு வகை வானொலிதான். அதில் ஒலிபரப்பும் நிலையம் நம் உடலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் அமைந்த ஹைட்ரஜன் அணுவின் கரு. 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்துள் உடலை வைத்தால், அக்கருக்கள் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒத்திசைக்கும். பண்பலை ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளதென்பதை நினைத்தால், நம் உடல் அதற்குச் சற்றுக் கீழே ஓர் அலைவரிசையில் பேசுகிறது எனலாம். கருவி ஓர் அலையை அனுப்பி அக்கருக்களை எழுப்புகிறது. அவை மீண்டும் அமைதிக்குத் திரும்பும்போது விடுக்கும் மெல்லிய அலையைக் கேட்டுப் படமாக்குகிறது. இவ்வாறு படம் அமைக்கும் வழியை 1973இல் வெளியிட்டவர் லாட்டர்பர்; அதை வளர்த்தவர் மான்ஸ்ஃபீல்டு. இருவர்க்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

பட்டு, பருத்தி, கம்பளி மூன்றையும் நீரில் நனைத்து ஒரே கொடியில் உலர்த்துங்கள். நனைந்திருக்கும்போது ஒன்றுபோல் தோன்றினாலும், உலர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும். அதுபோலவே எழுப்பப்பட்ட கருக்கள் அமைதிக்குத் திரும்பும் நேரமும் திசுவுக்குத் திசு வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டையே கருவி கறுப்பாகவும் வெளுப்பாகவும் தீட்டுகிறது. ஒரு முறையில் எடுத்தால் கொழுப்பு வெளுத்துத் தோன்றும். மற்றொரு முறையில் எடுத்தால் நீர் வெளுத்துத் தோன்றும். கொழுப்பின் ஒலியை மட்டும் அடக்கிவிட்டுக் கேட்கும் முறையும் உண்டு. அவ்வாறு அடக்கும்போது தோலுக்கடியிலுள்ள சாதாரணக் கொழுப்போடு கட்டியும் முழுவதும் இருண்டு மறைந்துவிட்டால், அது பெரும்பாலும் தீங்கற்ற கொழுப்புக் கட்டியே. உள்ளே தடித்த கோடுகளோ, மறையாத திட்டுக்களோ நின்றுவிட்டால் ஐயம் எழுகிறது. கட்டி எந்தத் தசைக்குள் நிற்கிறது, பெரிய இரத்தக் குழாயையும் நரம்பையும் தொடுகிறதா, எலும்பை நெருங்கியிருக்கிறதா என்பவற்றையெல்லாம் இப்படம் காட்டும். காலை வைத்துக்கொண்டே கட்டியை எடுக்க முடியுமா என்று அறுவை மருத்துவர் முடிவு செய்வது இதைக் கொண்டுதான்.

இப்படத்திலும் ஏமாறுவதற்கு இடமுண்டு. சில சார்க்கோமாக்கள் நீர் நிறைந்தவையாதலால் தீங்கற்ற நீர்க்கட்டி போலவே தோன்றும். அப்போது கடோலினியம் கலந்த மருந்தை இரத்தக் குழாயில் செலுத்திப் பார்ப்பர். வெறும் நீர்க்கட்டியினுள் இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே மருந்து உள்ளே போகாது. உயிருள்ள நோய்த் திசுவாயின் மருந்தை ஏற்று ஒளிரும். மதகு திறந்தபோது எந்த வாய்க்காலில் நீர் ஏறுகிறது என்று பார்த்து எந்த வயலில் பயிர் இருக்கிறது என்று அறிவது போன்றது இது. சிறுநீரகம் கெட்டவர்க்கு அம்மருந்தில் எச்சரிக்கை வேண்டும். உடலினுள் சிலவகை உலோகக் கருவிகள் உள்ளவர்களைக் காந்தத்தின் அருகே விடுவதற்கு முன்னும் விசாரிக்க வேண்டும்.

இதுவரை கூறியது நோயை அறிவதைப் பற்றி. இனிச் சிகிச்சையின் பயனை அறிவதைப் பற்றிப் பார்ப்போம். பெரிய சார்க்கோமாவுக்கு அறுவைக்கு முன்பே கதிர்ச் சிகிச்சையோ மருந்துச் சிகிச்சையோ கொடுப்பது உண்டு. வாரக்கணக்கில் நோயாளி மருத்துவமனைக்கு நடக்கிறார். வீட்டார் ஒவ்வொரு நாளும் கட்டியைத் தடவிப் பார்க்கின்றனர். “சிறுத்திருக்கிறதா?” என்பதே அவர்கள் கேள்வி. மருத்துவ உலகமும் நெடுநாள் அதையே கேட்டு வந்தது. 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பொது விதியின்படி, கட்டிகளின் குறுக்களவு நூற்றுக்கு 30 குறைந்தால் சிகிச்சை பலித்தது. நூற்றுக்கு 20 கூடினால் நோய் முற்றியது. பல புற்றுநோய்களுக்கு இது நல்ல அளவுகோலே. ஆனால் சார்க்கோமா இவ்விதிக்கு அடங்க மறுத்தது.

ஏனெனில் இக்கட்டி சாகும்போது சுருங்க வேண்டும் என்பதில்லை. உயிரணுக்கள் மடிந்த இடத்தில் நீர் தேங்கும். சில சமயம் உள்ளேயே இரத்தம் கசியும். அதனால் கட்டி முன்னினும் பெருத்துக் காணப்படலாம். அதைக் கண்டு, “மருந்து வேலை செய்யவில்லை” என்று நோயாளி மனமொடிந்து போவார். நல்ல மருந்தையே நிறுத்திவிடவும் நேரும். அறுவடை முடிந்த வயலை நினைத்துப் பாருங்கள். அறுவடைக்கு முன்னும் பின்னும் வயலின் பரப்பு ஒன்றே. வரப்பை அளப்பவனுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. உள்ளே நிற்பது பச்சைப் பயிரா, காய்ந்த தாளா என்று பார்ப்பவனுக்கே வேறுபாடு விளங்கும்.

இதை மருத்துவர்களுக்குத் தெளிவாக உணர்த்தியது வயிற்றிலும் குடலிலும் தோன்றும் ஒரு வகைச் சார்க்கோமா. அதன் பெயர் ஜிஸ்ட். அதற்கு முன்பெல்லாம் மருந்தே இல்லை என்று சொல்லும் நிலை இருந்தது. 2000ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் நோய் முற்றிய ஒரு பெண்மணிக்கு இமாட்டினிப் என்னும் மாத்திரை முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. நோய் வியக்கத்தக்க வகையில் அடங்கியது. பின்னர்ப் பலருக்கும் கொடுத்துப் பார்த்தபோது, கட்டிகள் உடனே சிறுக்காவிட்டாலும் சி.டி. படத்தில் அவற்றின் அடர்த்தி குறைந்ததைக் கண்டனர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் சோய் என்னும் கதிரியல் மருத்துவரும் அவர் குழுவினரும் 2007இல் புதிய விதி ஒன்றை வெளியிட்டனர். அளவு நூற்றுக்கு 10 குறைந்தாலும், அல்லது அடர்த்தி எண் நூற்றுக்கு 15 குறைந்தாலும், மருந்து பலித்ததாகக் கொள்ளலாம் என்பது அவ்விதி. அளவோடு தன்மையும் மருத்துவத்தின் கணக்கில் ஏறியது.

எம்.ஆர்.ஐ. கருவியாலும் இத்தன்மையை அறிய வேறொரு வழி உண்டு. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் கருட சேவையன்று வீதியில் நின்றிருப்பவர்க்கு ஓரடி நகர்வதும் அரிது. கூட்டம் கலைந்த பின் அதே வீதியில் விருப்பம்போல் நடக்கலாம். கட்டியினுள் உயிரணுக்கள் நெருங்கிக் கிடக்கும்போது, இடையிலுள்ள நீர் மூலக்கூறுகளும் அவ்வாறே நகர முடியாமல் தவிக்கின்றன. சிகிச்சையால் உயிரணுக்கள் மடிந்து அவற்றின் சுவர்கள் உடைந்தால், நீர் தாராளமாக உலவுகிறது. அந்த உலாவலைக் கருவி அளந்து எண்ணாகத் தருகிறது. கட்டி சிறுக்குமுன்பே இவ்வெண் உயர்ந்துவிடுவது உண்டு.

மூன்றாவது வழி பெட் ஸ்கேன். புற்றுநோய் உயிரணு சர்க்கரையைப் பேராவலுடன் உண்ணும் என்பதை ஓட்டோ வார்பர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1920களிலேயே காட்டினார். சர்க்கரையைப் போன்ற ஒரு பொருளோடு கதிரியக்க ஃபுளூரினை இணைத்து ஊசியால் செலுத்தினால், பசி மிகுந்த இடத்தில் அது போய்த் தங்கி ஒளிகாட்டும். அந்த ஃபுளூரினின் ஆற்றல் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆதலால் அதைச் செய்யும் இடத்திலிருந்து மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுவர வேண்டும். ஜிஸ்ட் நோயில் மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே, சிலரிடம் ஒரே நாளிலேயே, இந்த ஒளி மங்கியதைக் கண்டனர். கட்டி அப்படியே இருக்கிறது. பசி மட்டும் அடங்கிவிட்டது.

இவற்றைக் கேட்டு, இனி நுண்நோக்கி வேண்டாம், கருவியே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பெட் ஸ்கேனில் புண்ணும் வீக்கமும்கூட ஒளி காட்டும். சோம்பேறியான சில சார்க்கோமாக்கள் ஒளி காட்டாமலும் இருந்துவிடும். அறுவை செய்த இடத்துத் தழும்பு எம்.ஆர்.ஐ. படத்தில் நோய் போலத் தோன்றுவதும் உண்டு. ஆகவே, சிகிச்சைக்கு முன் எடுத்த படம் கையில் இருந்தால்தான் பின்னர் எடுப்பதோடு ஒப்பிட முடியும். நோயாளிகள் தங்கள் பழைய படங்களை எறிந்துவிடாமல் காப்பது அவர்களே தங்களுக்குச் செய்துகொள்ளும் பேருதவி. படம் பார்ப்பவர், திசுவைச் சோதிப்பவர், அறுவை செய்பவர், கதிரும் மருந்தும் கொடுப்பவர் ஆகிய அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவே நல்ல முடிவு.

மாணவ நண்பர்களே! இத்துறையில் பௌதிகம் படிப்பவர்க்கும், இரசாயனம் படிப்பவர்க்கும், கணிதம் படிப்பவர்க்கும் இடம் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டு பொறியாளர், லாட்டர்பர் இரசாயனர், கார்மாக்கும் மான்ஸ்ஃபீல்டும் பௌதிக அறிஞர்கள். அவர்களில் ஒருவரும் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். உங்கள் வகுப்பறையில் இன்று கற்கும் அலையும் அணுவும் நாளை யாருடைய காலைக் காக்கப் போகின்றன என்று யாரால் சொல்ல முடியும்?

அந்த நாளுக்குக் காத்திராமல் இன்றே நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, வலியில்லாத கட்டி ஒன்று வளர்ந்து வருவதைக் கண்டால், “வலிக்கவில்லையே” என்று பெரியவர்கள் கூறுவதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். “வலியை விடுங்கள் தாத்தா, அது வளர்கிறதா?” என்று கேளுங்கள். வளர்கிறதென்றால், முதலில் படம், பிறகு திசுச் சோதனை, அதன் பின்னரே கத்தி என்று எடுத்துச் சொல்லி, புற்றுநோய் மருத்துவமனைக்கு நீங்களே உடன் சென்று வாருங்கள். பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்ற நற்செய்தியோடு திரும்புவார்கள். எஞ்சியவர்களில் ஒருவர், நீங்கள் கேட்ட கேள்வியால் தம் காலோடும் உயிரோடும் வயலுக்குத் திரும்பக்கூடும்.